நீர்மட்டம் இறங்காத அலுவலகம்

உலகம் உண்டான நாளிலிருந்து தண்ணீர் பள்ளம் பார்த்தே பாய்கிறது. அந்தக் கெட்ட பழக்கத்தை ஒரே கூட்டத்தில் திருத்திய பெருமை நிலத்தடி நீர் அலுவலகத்துக்கே உரியது. அந்தச் சாதனையில், அங்கே கிணற்று நீர்மட்டம் பார்க்கும் அளவுக்காரரின் பங்கு, இடைஞ்சல் செய்தது மட்டும்தான்.

மாதம் ஒருமுறை இரும்பு நாடாவில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, அலுவலக வளாகத்து உறைக்கிணற்றில் இறக்குவார். எந்த அடியில் சுண்ணம் நனைகிறதோ, அதுதான் நீர்மட்டம். இருபத்திரண்டு வருடம் நாடா இழுத்து உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அந்த மாதம் நாடா தொண்ணூறு அடி இறங்கி, அடித்தரையைத் தட்டியது. இழுத்துப் பார்த்தால் சுண்ணம் தேய்த்தது தேய்த்தபடி இருந்தது. ‘வறண்டது’ என்று எழுதினார்.

எழுதும்போது கை கொஞ்சம் வேகமாகவே ஓடியது. மட்டம் எண்பது அடிக்குக் கீழே போனால் அந்த வட்டாரத்துக்குத் தினமும் தண்ணீர் லாரி விட வேண்டும் என்பது சட்டம். இப்போது வாரத்துக்கு ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் இரண்டு மைல் குடம் சுமந்து, அவர் மனைவிக்கு இடுப்பு ஒரு பக்கமாகவே சாய்ந்துவிட்டது.

அலுவலகம் அதிர்ந்தது. படிவத்தில் எண்ணுக்குத்தான் கட்டம் உண்டு. வறட்சிக்குக் கட்டம் இல்லை. அவசரக் கூட்டம் கூடியது. ஆளுக்கொரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு அகராதியைப் பிரித்தார்கள். நிலத்துக்கு அடியில் நீர் நிற்கும் உயரமே நீர்மட்டம் என்பது மூன்று மணி நேரத்தில் கண்டறியப்பட்டது. மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“நீரே இல்லேன்னா மட்டம் ஏதுய்யா? மட்டமே இல்லாதது எப்படி இறங்கும்? ஆக, இறங்கல.”

துணை அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அளவுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கட்டத்தில் என்ன எண் போடுவது என்று கேட்டுத் தொலைத்தார்.

அந்தக் கேள்வியின் வயிற்றில் பிறந்ததுதான் ‘நீர்மட்ட மீட்புத் திட்டம்’. மறுநாள் காலையில் ஒரு லாரி வந்து, கிணற்றுக்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனது. நாடா நனைந்தது: எழுபத்தெட்டு அடி. ஒரே இரவில் மட்டம் பன்னிரண்டு அடி ‘உயர்ந்த’ செய்தி மேலிடத்துக்குப் பறந்தது. பாராட்டும் பறந்து வந்தது.

லாரி யாருடையது என்பதெல்லாம் சில்லறை விஷயம். அது அந்த வாரம் அளவுக்காரரின் தெருவுக்கு வர வேண்டிய லாரி. குடத்தோடு வரிசையில் நின்றவர்கள், தெருவுக்குள் திரும்பாமல் நேரே போன லாரி ஒழுகவிட்ட ஈரத்தைப் பிடித்துக்கொண்டே வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். பத்துப் பெண்கள். துணி காயப்போடும் கொடி, தூளிக்கயிறு என்று கையில் கிடைத்ததையெல்லாம் முடிச்சுப் போட்டு வாளியை இறக்கினார்கள். முதல் ஆளாக நின்று இழுத்தவள் அளவுக்காரரின் மனைவி. தடுக்கப் போன துணை அதிகாரியிடம், “தள்ளி நில்லு தம்பி, கயிறு வழுக்குது” என்றாள். தம்பியும் தள்ளி நின்றார்.

மாலையில் நாடா எண்பத்து மூன்று காட்டியது. மேலதிகாரிக்குக் கோபத்தைவிடப் பூரிப்பே அதிகம். மட்டம் ஏன் இறங்குகிறது என்று ஊரெல்லாம் அறிஞர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, காரணத்தைக் கையும் குடமுமாகப் பிடித்த முதல் அலுவலகம் இதுதான். தவிர, திருட்டால் இறங்கிய மட்டத்துக்குச் சட்டப்படி லாரி விட வேண்டியதில்லை. காவல் நிலையத்துக்குப் புகார் எழுத அளவுக்காரரையே உட்கார வைத்தார்.

“முதல்ல நின்ன பொம்பளை யாரு? தெரிஞ்சவளா?”

“தெரியும் சார். காலையில எனக்குச் சோறு போட்டா.”

“ஒட்டு உறவெல்லாம் பாக்காதே. எழுது.”

பார்க்கவில்லை. ‘களவாடியவர்கள்’ என்ற கட்டத்தில் மனைவி தொடங்கிப் பத்துப் பெயரையும் எழுதினார். அடுத்த கட்டம், ‘களவு போன பொருளுக்கு உரியவர்கள்’. அளவுக்காரர் லாரியின் அனுப்புச் சீட்டை விரித்துப் பார்த்தார். இறக்க வேண்டிய இடம் என்று அவருடைய தெருதான் போட்டிருந்தது. மேலே எழுதிய அதே பத்துப் பெயரை, அதே வரிசையில், மறுபடி எழுதினார்.

மேலதிகாரி குனிந்து பார்த்து, இது என்ன கூத்து என்று கேட்டார்.

“பறிகொடுத்தவங்க பேரு சார். பறிச்சவங்க பேரு ஒண்ணுதான் இன்னும் வரல” என்று அளவுக்காரர் பேனாவை நீட்டினார். “கீழ நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா அதுவும் வந்துடும்.”