டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க

வருகிற மே மாதம் முதல் தேதி கிராம சபையில் எழுந்து நின்று, மயில்களுக்கு எதிராக ஊரே அதிரும்படி பேசிவிடுவது என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சவரியார் முடிவு செய்தார்.

முடிவு செய்த இடம் அவருடைய வீட்டுக் கொல்லை. நேரம் காலை ஆறு மணி. எதிரே இருபத்திரண்டு தக்காளிச் செடிகள். ஒவ்வொரு பழத்திலும் ஒரே ஒரு கொத்து. ஒரு பழத்தையாவது முழுசாகத் தின்றிருந்தால் அவருக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மயில், பந்தியிலிருந்து எழுந்த மாப்பிள்ளையைப் போல நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. கல்லை எடுத்து வீசலாம் என்றால் தேசியப் பறவை. வீசினால் கேஸ்.

"லீலா! வந்து பாரு, உஞ் செல்லப்புள்ளைங்க பண்ணியிருக்கிற வேலையை!"

லீலா மேரி வந்து பார்த்தாள். ஆனால் அவள் பார்த்தது தக்காளியை அல்ல. பாத்தியைச் சுற்றிக் கட்டியிருந்த புடவையை.

"ஏங்க, இது எம் பச்சைப் பொடவை இல்ல?"

"பழசுன்னு நெனைச்சேன்."

"போன ஈஸ்டருக்கு எடுத்தது."

"வயல்ல எல்லாரும் பொடவைதான் கட்டறாங்க. கலரைப் பாத்தா மயிலு பயப்படுமாம்."

"பயந்த லட்சணந்தான் தெரியுதே. ஜோடனை பண்ணி விருந்து வெச்ச மாதிரி இருக்கு!"

ஊருக்குக் கிழக்கே ஒரு குட்டை தூர்ந்து கிடந்தது. அதைத் தோண்டி, சுற்றிலும் நாவலும் அத்தியும் நட்டு, கோடையில் பறவைகளுக்குத் தண்ணீர் நிற்கும்படி செய்யலாம் என்று ஊராட்சித் தலைவர் புவனேஸ்வரி யோசனை சொல்லியிருந்தார். மே முதல் தேதி அது தீர்மானத்துக்கு வருகிறது. ஊரில் பாதிப் பேர் சவரியாரிடம் படித்தவர்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பாதி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

லீலா மேரிக்கு அந்தக் குட்டை வேண்டும். தினமும் கொல்லையில் மயில்களுக்குச் சட்டியில் தண்ணீர் வைப்பவள் அவள்தான். சட்டி காலியானால் அவை அலகால் தட்டிக் கூப்பிடுவதும் அவளைத்தான்.

"ஊர்ப்பணத்துல மயிலுக்குக் குளமா? நாளைக்குத் துண்டும் சோப்பும் வாங்கித் தருவாங்களா?" என்றார் சவரியார்.

"தண்ணி இல்லாமத்தான அதுங்க இங்க வருது? அங்க தண்ணி கெடந்தா இங்க ஏங்க வரப்போவுது?"

"உனக்கென்ன தெரியும்? நீ தோட்டக்கலை படிச்சியா?"

"அன்னிக்கு உங்க அப்பா பேசுன மாதிரியே பேசுறீங்க."

இந்த ஒரு வார்த்தையில் சவரியார் நாற்பது வருஷம் பின்னால் போய்விட்டார்.

ஊராட்சிக்கு டிவி வாங்கலாம் என்று முதன்முதலாகப் பேச்சு வந்த நாள் அது. அவருடைய அப்பா டோமினிக் வேப்பமரத்தடியில் எழுந்து நின்று, "ஊர்ப்பணத்துல பொட்டி வாங்கிப் பொம்மை பாக்கறதா?" என்று கேட்டார். அப்பாவை எதிர்த்துப் பேசியது இருபத்து நாலு வயதுச் சவரியார். டிவி வந்தது. குட்டைக்கரையில் ஓர் அறை கட்டி, இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி சவரியாரிடம்.

சாயங்காலமானால் வயல், தோட்டம் பற்றிய நிகழ்ச்சி. திரையில் யாரோ ஒருவர் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவார். ஊரே மணலில் உட்கார்ந்து பார்க்கும். பாதிப் பேருக்கு மாமரம் வைக்க இடமே கிடையாது. ஆனாலும் ஒட்டுப் பிடித்ததா இல்லையா என்று ஒரு வாரம் கவலைப்படுவார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். பின்னாலிருந்து தினமும் ஒரு குரல் வரும்.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க, இங்க ஒண்ணும் கேக்கல!"

வரதராசன்பேட்டையிலிருந்து அத்தை வீட்டில் வந்து தங்கியிருந்த பெண். சவரியார் எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டுவார். மறுநாள் வேண்டுமென்றே சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு, அந்தக் குரலுக்காகக் காத்திருப்பார். இரண்டு வருஷம் இப்படிக் காத்திருந்துவிட்டு, அந்தக் குரலையே கல்யாணம் செய்துகொண்டார்.

"அது டிவி. அறிவு வளர்றதுக்கு. இது மயிலு," என்று சவரியார் நிகழ்காலத்துக்குத் திரும்பினார். "நாலு பக்கம் பேச்சு எழுதியாச்சு. இனிமே மாத்த முடியாது."

லீலா மேரி பாத்தியைச் சுற்றியிருந்த புடவையை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த சவரியார், காப்பியோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். உள்ளூர் கேபிளில் 'கொல்லைப்புறம்' நிகழ்ச்சி. நேயர்கள் போனில் கேட்க, தோட்டக்கலை நிபுணர் அறிவழகன் நேரலையில் பதில் சொல்வார். நல்ல கேள்விக்கு விதைப் பொட்டலம் பரிசு. அறிவழகன் சொல்வதெல்லாம் சவரியாருக்கு வேதவாக்கு. செடிக்கு மோர் தெளியுங்கள் என்று அவர் சொன்னால், அன்று அந்த வீட்டுச் சோற்றுக்கு மோர் கிடையாது. சவரியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். டிவி மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"வணக்கம், யாரும்மா பேசுறீங்க?"

"வரதராசன்பேட்டை மேரி பேசுறேங்க."

"சொல்லுங்க மேரிம்மா. அதுக்கு முன்னாடி உங்க டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க, எதிரொலிக்குது."

அதே சமயம் கொல்லையிலிருந்து லீலா மேரியின் குரல் வந்தது. "ஏங்க! டிவி சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க, தலை வலிக்குது!"

சவரியார் முகத்தைச் சுளித்துக்கொண்டே குறைத்தார். நல்ல கட்டம் வரும்போதுதான் இவளுக்குத் தலை வலிக்கும்.

"இப்ப நல்லா கேக்குதும்மா," என்றார் அறிவழகன்.

"சார், எங்க வூட்டுக்காரரு தக்காளி போட்டிருக்காரு. மயிலு வந்து கொத்திடுது. ஊர்ல குட்டை ஒண்ணு தூந்து கெடக்கு. அதுல தண்ணி நின்னு, சுத்தி மரமும் இருந்தா, மயிலு வூட்டுப் பக்கம் வர்றது கொறையுமா?"

"அருமையான கேள்வி! கோடையில மயில் தக்காளியைக் கொத்தறது பாதி தாகத்துக்குத்தான். அதான் ஒரு பழத்தையும் முழுசா திங்காது. குட்டையை வெட்டச் சொல்லுங்க. அது வீண்செலவு இல்லம்மா, ஊர்த் தோட்டத்துக்கெல்லாம் வேலி."

ஒரு பழத்தையும் முழுசாகத் தின்னாது! சவரியார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"எங்க வூட்டுக்காரருக்கு எஞ் சொல்லு ஏறாதுங்க சார்."

"இந்த நிகழ்ச்சியைப் பாக்கச் சொல்லுங்கம்மா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு சார்."

சற்று நேரத்தில் லீலா மேரி கையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள்.

"லீலா, விஷயம் தெரியுமா? மயிலு தாகத்துக்கு வருதாம்! குட்டையை வெட்டணுமாம்!"

"அப்படிங்களா?"

"உங்க ஊர்க்காரிதான் கேட்டா. என்ன தெளிவு! அந்த ஊர்ல இப்படியும் ஒரு பொம்பளை இருந்திருக்கா பாரு. எவனோ வெவரங்கெட்டவனுக்கு வாழ்க்கைப்பட்டுட்டா போலருக்கு. பாவம்."

"பாவந்தாங்க," என்றாள் லீலா மேரி.

நாலு பக்கம் கிழிந்தது. ஆறு பக்கம் பிறந்தது. மே முதல் தேதி, அப்பா நின்ற அதே வேப்பமரத்தடியில் நின்று சவரியார் முழங்கினார். "தாகத்துக்குத் தண்ணி குடுக்கறது வீண்செலவுன்னா, இந்த ஊர் அன்னிக்கு டிவியே வாங்கியிருக்காது!" என்று குட்டைப் பக்கம் கையைக் காட்டினார். கரையில் அந்தப் பழைய அறை கதவில்லாமல் நின்றது. உள்ளே துருப்பிடித்த இரும்புப் பெட்டி, அதற்குள் குருவிக்கூடு. தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது.

"சார் எதிர்ப்பீங்கன்னு பயந்துட்டிருந்தேன்," என்றார் புவனேஸ்வரி.

"எதையும் ஆராய்ஞ்சு பாத்துத்தாம்மா பேசுவேன்," என்றார் சவரியார்.

பத்து நாள் கழித்துத் தபாலில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே விதைப் பொட்டலங்கள். மேலே ஒரு கடிதம்: 'சிறந்த கேள்விக்கான பரிசு. திருமதி லீலா மேரி, கணவர் பெயர் சவரியார்.'

சவரியார் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவை படித்தார்.

"பொறந்த ஊரைத்தாங்க சொன்னேன். பொய் சொல்லல," என்றாள் லீலா மேரி, வெண்டை விதையைத் தனியாக எடுத்து வைத்தபடி.

"உங்கொரலு எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

"அப்ப தூரத்துல உக்காந்து பேசினேன், கேட்டுச்சு. இப்ப பக்கத்துலயே நின்னு பேசுறேன்ல, அதான் கேக்கல."

அன்று மயில்களின் தண்ணீர்ச் சட்டியைச் சவரியாரே நிரப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, காப்பியோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்.

"வணக்கம், யாரும்மா பேசுறீங்க?"

"வரதராசன்பேட்டை மேரி பேசுறேங்க. எங்க வூட்டுக்காரரு பாத்தியைச் சுத்தி எம் பொடவையைக் கட்டறாரு சார்..."

அறிவழகன் வாயைத் திறப்பதற்குள், யாரும் சொல்லாமலே சவரியார் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தார்.