ஆறு ஐம்பது பஸ்ஸுக்கு அப்ரூவ் கேட்டு மாப்பிள்ளைக்கு

பெருநகர், காஞ்சிபுரம் மாவட்டம்
சனிக்கிழமை காலை

மாப்பிள்ளை தமிழ்வாணன் அவர்களுக்கு மாமனார் சடையப்பன் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். கறவை மாடும் சௌக்கியம். ஊர் பஸ் நேரம் காட்டும் நம்ம ஆப் மட்டும் சௌக்கியமாக இல்லை, அதற்கு நீங்கள்தான் மனது வைக்க வேண்டும். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், பக்கத்தில் என் மகள் இளமதி உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு இந்தக் கடிதம்.

நீங்களும் என் மகளும் பெங்களூரிலிருந்து அந்த ஆப்பை நடத்துகிறீர்கள், யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தீர்கள், நானும் ரிட்டையர் ஆன கையோடு ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோடு எழுதக் கற்றுக்கொண்டு ஒரே ஒரு திருத்தம் அனுப்பினேன். உத்திரமேரூரில் கிளம்பி நம் ஊர் வழியாகக் காஞ்சிபுரம் போகிற காலைத் தனியார் பஸ் இங்கே ஆறு ஐம்பதுக்கு. உங்கள் ஆப் ஆறு நாற்பது என்கிறது. முப்பத்து நான்கு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான், அந்த டைம் ஷீட்டைப் போட்டதே இந்தக் கைதான். அப்படிப்பட்ட திருத்தத்துக்கு என் மகள் இருபத்தேழு குறை எழுதினாள். நேரத்தோடு சேர்த்து ஆப்பின் நிறத்தையும் பச்சையாக மாற்றினேனாம், பொங்கல் வாழ்த்து போட்டேனாம், என் போட்டோவையும் வைத்தேனாம். ஒரு திருத்தத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும் என்பது விதியாம். மாகறல் ஸ்டாப்பிங் அழிந்தது கை பட்டு அழிந்தது, அது கணக்கில் வராது. போட்டோவுக்கு நேராக 'இது தேவையில்லை' என்று எழுதியிருக்கிறாள். கோடைப் பற்றித்தான் பேச வேண்டும், ஆளைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி எழுதினதும் அவளேதான் மாப்பிள்ளை. போட்டோவில் இருக்கிறது யாரு, கோடா?

சரி, பெற்ற மகளாச்சே என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நேரத்தை மட்டும் திரும்ப அனுப்பினேன். டெஸ்ட் பண்ணியதற்கு ஆதாரம் கேட்டாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நோட்டும் கையுமாக, திங்கள் முதல் வெள்ளி வரை ஸ்டாப்பிங்கில் நின்றேன். ஐந்து நாளும் வண்டியை டாண்ணு ஆறு ஐம்பதுக்கு எடுத்தான். டிரைவர் எனக்கு சலாம் வேறு வைத்தான். அதை அனுப்பினால் ராத்திரியே போன் பண்ணி, "எழுதனவங்களே பாத்தா அது டெஸ்ட் இல்லப்பா. வேற யாரையாச்சும் போயி நிக்கச் சொல்லு" என்கிறாள். எனக்கு வந்ததே கோபம். நான் கையெழுத்துப் போட்டுத்தானே இவள் ஒண்ணாங்கிளாஸே சேர்ந்தாள், அதையும் ரெண்டு பேர் பார்த்தா அப்ரூவ் பண்ணாங்க?

என் கௌரவம் கிடக்கட்டும். தெருக்கோடி அம்முலு அந்த வண்டியில்தான் காஞ்சிபுரத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறது. இந்த மாதம் இரண்டு தடவை லேட். மூன்றாவது தடவை லேட்டானால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். போன வாரம் என்னிடம், "பத்து நிமிசம் கெடச்சா பொண்ணுக்குத் தல பின்னி வுட்டுட்டு வருவேன், தெனம் அய்துகினே நிக்குது" என்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தச் சனிக்கிழமையிலிருந்து ஆறு ஐம்பதுக்கு நிதானமாக வாம்மா, நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேர் அப்ரூவ் செய்தால் திருத்தம் ஆப்பில் சேரும். நம்ம ஆப்புக்குக் கோடு எழுதுகிற ராஜகுளம் டேனியல் தம்பி அப்ரூவ் கொடுத்துவிட்டார். நேரில் போய்க் கேட்டேன், கோடைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு மரியாதை. பாக்கி உங்களுடையது ஒன்றுதான். இளமதி தூங்கும்போதாவது அந்தப் பட்டனை அழுத்திவிடுங்கள். உங்கள் இருவருக்கும் சுகமும், சண்டை இல்லாத வாரக் கடைசியும், விட்டுப்போகாத நெட்வொர்க்கும் அமைய எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சடையப்பன், டைம் கீப்பர் (ஓய்வு)

பி.கு.: சனி சாயங்காலம். கவரை ஒட்டிவிட்டதால் அதன் முதுகில் எழுதுகிறேன். பட்டனைத் தொட வேண்டாம். காலையில் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததால் நான் ஸ்டாப்பிங்குக்குப் போகவில்லை. அம்முலு வேலை முடிந்து நேரே நம் வீட்டு வாசலுக்கு வந்து சொன்னது இது: "நீங்க சொன்னீங்கன்னு வூட்ல பின்னிகினு இருந்தேன் சார். எதுக்கும் போன்ல பாப்பமேன்னு பாத்தா, ஆறு நாப்பதுன்னே கீது. ஒரு பக்கம் பின்னல அப்டியே வுட்டுட்டு ஓடனேன். நா ஏறனதும் கண்டக்டரு ரோட்டப் பாத்துட்டு, 'டைம் கீப்பர் இன்னிக்கி இல்ல, எடு எடு'ன்னாரு. நல்லவேள, உங்க பொண்ணு உங்க பேச்சக் கேக்கல."

தனக்கு முன்னால் போக வேண்டிய பஸ்ஸின் ஜனத்தைப் பிடிக்க தினமும் பத்து நிமிஷம் முன்னாலேயே எடுக்கிறான்களாம். ஐந்து நாளும் நோட்டோடு நின்ற என்னைப் பார்த்துப் பயந்து ஷீட்டுப்படி ஓட்டியிருக்கிறான்கள். அந்தப் பெண்ணின் வேலைக்கு நானே உலை வைக்க இருந்தேன் மாப்பிள்ளை. ஆனாலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் இந்த சடையப்பன். திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு உங்கள் அத்தை வந்து குழந்தைக்குத் தலை பின்னிவிடுவாள் என்று அம்முலுவிடம் உறுதியாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.