மாமனார் அலறாத பன்னிரண்டு படங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால்தான் இவ்வளவு பெரிய கடிதம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். கவலைப்படுவதற்கென்று என்னை ஒருவனை வைத்திருக்கும்போது உங்களுக்கு வேறென்ன குறை வரப்போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சினிமாப் பத்திரிகையில் நீங்கள் எழுதிய "பழம் தின்று கொட்டை போட்டவர்களையும் அலற வைக்கும் பன்னிரண்டு பேய்ப் படங்கள்" என்ற கட்டுரையைப் படித்தேன். போன முறை வந்தபோது அந்தப் பன்னிரண்டையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாமா, இதையெல்லாம் தனியா உக்காந்து பாருங்க. ஒரு தடவைகூட அலறலைன்னா நீங்க இந்த வீட்டுலயே தனியா இருந்துக்கலாம், நாங்க வாயத் திறக்க மாட்டோம். அலறிட்டீங்கன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடணும்." என் மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் வீடு பணயத்தில் இருக்கும்போது எனக்குச் சிரிப்பு வராது. திருடனுக்கு பயந்து நீங்கள் கூடத்தில் மாட்டிய காமிராவே சாட்சி, அது சத்தத்தையும் பதிவு செய்யும், தேர்வு முடிகிறவரை பதிவு என் போனிலேயே இருக்கும், முடிந்ததும் மொத்தமாக அனுப்ப வேண்டும் என்றெல்லாம் பேசி முடித்தோம். இதோ, முடிந்துவிட்டது. பன்னிரண்டையும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். அலறவில்லை. இரண்டு படங்களில் குறட்டை விட்டிருக்கலாம், அது கணக்கில் வராது.

நான் கட்டட ஆய்வாளராக இருந்தவன் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். அதுதான் நீங்கள் செய்த முதல் தப்பு. உங்கள் முதல் படத்தில் ஒரு குடும்பம் அரண்மனை மாதிரி ஒரு வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறது. ஏன் இவ்வளவு மலிவு என்று ஒருத்தராவது கேட்டார்களா? கட்டட அனுமதியைப் பார்த்தார்களா? மாடிப்படிக்குக் கைப்பிடியே கிடையாது. அந்த வீட்டம்மா மேலிருந்து உருண்டு விழுந்ததும் பேய் தள்ளிவிட்டது என்கிறார்கள். கைப்பிடி இல்லாத படியில் தள்ளிவிட பேய் எதற்கு? பாவம், வாயில்லாப் பேய் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டைக் கட்டினவன் தப்பித்துக்கொண்டான். இரண்டாவது படத்தில் ஒரு கதவு கிரீச்சிடுகிறது, அதற்கு ஒரு மந்திரவாதி வருகிறார். கீலில் நாலு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் படம் இடைவேளைக்கு முன்பே முடிந்திருக்கும். மூன்றாவதில் சுவரிலிருந்து ரத்தம் வடிகிறதாம். இரும்புக் குழாய் துருப்பிடித்துச் சுவருக்குள் கசிந்தால் தண்ணீர் அந்த நிறத்தில்தான் வரும், நான் முந்நூறு வீடுகளில் பார்த்திருக்கிறேன், ஒரு வீட்டிலும் யாரும் விழுந்து கும்பிடவில்லை, குழாய்க்காரரைத்தான் கூப்பிட்டார்கள். நாலாவதில் விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்து அணைகிறது. லூஸ் கனெக்‌ஷன். அதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாவது படத்தைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம் முழுக்க உருகி எழுதியிருந்தீர்கள். அதை நீங்கள் தலையணையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தீர்கள் என்று மகள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். பாதிப் படம் பார்த்துவிட்டு முழு விமர்சனம் எழுதுகிற உங்கள் துணிச்சல்தான் எனக்கு பயமாக இருந்தது. அந்தப் படம் ஓடும்போது எதிர்வீட்டு நர்ஸம்மா பத்திரிகை வாங்க வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் இன்னும் எல்லாரையும் நோயாளியாகவே பார்க்கிறவர். தலைவிரி கோலமாக வெளிறிப்போய் நின்ற அந்தப் பேய்ப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்கு ரத்தசோகை சார். இரும்புச்சத்து மாத்திரை குடுத்தா மூணு மாசத்துல தேறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பெண் வரும்போதெல்லாம் எனக்கு இரக்கம்தான் வந்தது.

இன்னொன்று. இந்தப் படங்களில் வருகிறவர்கள் முட்டாள்கள் என்றால், பார்க்கிறவர்கள் வடிகட்டின முட்டாள்கள். உங்கள் மனைவி சின்ன வயதில் திரையைப் பார்த்து "உள்ள போகாத, உள்ள போகாத" என்று தொண்டை கிழியக் கத்துவாள். நான் அவளிடம் சொல்லுவேன், "அம்மாடி, அவனுக்கு நீ கத்துறது கேக்காது. அவன் போகத்தான் போறான். அதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம்." திரையைப் பார்த்துக் கத்துவதைப் போல ஒரு அறிவுகெட்ட வேலை உலகத்தில் கிடையாது என்பதே இன்றுவரை என் கருத்து. வயசானவனை பயமுறுத்த வேண்டுமானால் பேயெல்லாம் தண்டச் செலவு. ஆஸ்பத்திரி வரவேற்பில் இருக்கிற பெண் "உக்காருங்க, டாக்டர் உங்க வீட்டு ஆளுங்ககிட்ட பேசணுமாம்" என்று சொன்னால் போதும். என்னை உண்மையாகவே நடுங்க வைத்த படம் ஒன்று உண்டு, அது ஒரு காதல் படம். மாடியில் ஐம்பது பேர் குதித்து ஆடுகிறார்கள், கீழே பீமில் குறுக்காக ஒரு விரிசல். கதாநாயகி அதற்கு நேர் கீழே நின்று கண்ணைச் சிமிட்டுகிறாள். நான் தியேட்டரை விட்டே வெளியே வந்துவிட்டேன். அதை உங்கள் பட்டியலில் காணோம்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழாவது படம் மட்டும் தேவலை. கதையை விடுங்கள், அந்த ஒலி அமைப்பு. தீப்பிடித்த வீட்டில் ஒரு கிழவி மாட்டிக்கொள்ளும் இடத்தில், பட் பட்டென்று ஏதோ வெடிக்கும் சத்தம் என் முதுகுப் பக்கமிருந்து, நம் வீட்டுச் சமையலறைக்குள்ளிருந்தே வருவதுபோல் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. நீங்கள் வாங்கிக்கொடுத்த ஸ்பீக்கரை இத்தனை நாள் திட்டியதற்கு வருந்துகிறேன். கண்கூட எரிந்தது. கருகல் வாடைகூட வந்தது, ஆனால் அது நர்ஸம்மா வீட்டுச் சமையலாக இருக்கும், அவர் கைப்பக்குவம் அப்படி.

நர்ஸம்மா என்றதும் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அந்தக் கட்டத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்து படத்தையே கெடுத்துவிட்டார். "சார், முட்டை வேக வச்சீங்களா?" என்றார். நான் வைக்கவில்லை என்றேன். "தண்ணி வத்தி, முட்டை வெடிச்சு, பாத்திரம் தீயுது சார்." நான் வைக்கவே இல்லை என்று மறுபடியும் சொன்னேன். வைத்தவனுக்குத் தெரியாதா? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இன்னைக்கு மட்டும் இல்ல சார்" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷம் ஊரிலிருக்கிற சமையலறைகளுக்கெல்லாம் பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட்டவனிடம் வந்து அடுப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். அவரும் என் மகளும் போனில் அடிக்கடி குசுகுசுவென்று பேசுவது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். என்னைக் கிளப்புவதற்கு ஒரு கருகின பாத்திரத்தைக் காட்டினால் போதுமா? பாத்திரம் யார் வீட்டிலும் கருகும்.

ஆகவே மாப்பிள்ளை, தேர்வில் நான் தேறிவிட்டேன். பேச்சு மாறாமல் நடந்துகொள்ளுங்கள். எனக்காக ஒதுக்கி வைத்திருக்கும் அந்த அறையை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் உங்கள் பால்கனிக் கம்பி முழங்கால் உயரம்தான் இருக்கிறது, பொறுப்புள்ள எந்த ஆய்வாளரும் அங்கே ஒரு மனிதனைக் குடிவைக்கச் சம்மதிக்கமாட்டான். பதிவுகளை அனுப்பும் வித்தை எனக்குத் தெரியாததால் நர்ஸம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். என் மகளுக்கு என் ஆசி. உங்களுக்கும் ஆசிதான், கொஞ்சம் குறைவாக. கட்டுரைகள் எழுதுங்கள், ஆனால் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தன் வீட்டில் தனியாக, தைரியமாக இருக்கும்
மாமனார்

பி.கு: உறையை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். நர்ஸம்மா வந்தார். பதிவுகளை அனுப்புவதற்கு முன்னால், "ஒண்ணே ஒண்ணு பாத்துடுங்க சார்" என்று ஏழாவது படம் ஓடிய நாளைப் போட்டுக்காட்டினார்.

உங்கள் பட்டியலில் இல்லாத படம். பின்னணி இசை கிடையாது. ஒரு கூடம், சோபா, அதற்குப் பின்னால் சமையலறை வாசல், வாசல் வழியே அடுப்பு. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிற ஒரு கிழவன் உள்ளே போகிறான், அடுப்பைப் பற்றவைக்கிறான், பாத்திரத்தில் முட்டையைப் போட்டு வைக்கிறான், வந்து உட்கார்ந்து படம் பார்க்கிறான். பின்னால் புகை கிளம்புகிறது. முட்டை வெடிக்கிறது. கிழவன் திரும்பிப் பார்க்கவில்லை. டிவியைக் கையால் காட்டி, "பாரு, இந்த வீட்டுல தீயணைக்கிற கருவிகூட இல்ல" என்று சிரிக்கிறான். நர்ஸம்மா ஓடிவந்து அடுப்பை அணைக்கிறார், ஏதோ பேசிவிட்டுப் போகிறார். முடிந்தது என்று நினைத்தேன் மாப்பிள்ளை. முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழவன் எழுந்தான். மறுபடியும் சமையலறைக்குள் போனான். கருகிய அதே பாத்திரத்தை எடுத்துத் தண்ணீர் பிடிக்காமல் அடுப்பில் வைத்தான்.

"உள்ள போகாதடா, அடுப்ப அணைடா" என்று கத்தினேன். போனைப் பார்த்துத்தான் கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை. என் தொண்டை இன்னும் எரிகிறது. அந்தச் சத்தத்தையும் உங்கள் காமிரா பதிந்திருக்கும்.

நர்ஸம்மா என் தோளைத் தொட்டு, "அழிச்சிடவா சார்? யாருக்கும் தெரியாது" என்று கேட்டார். ஒரு வீட்டில் இப்படி ஓர் ஆபத்தைப் பார்த்துவிட்டு மறைக்கிற ஆய்வாளனை நான் வேலையை விட்டே எடுக்கச் சொல்லியிருப்பேன். மாப்பிள்ளைக்கு மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். பெட்டி கட்டி வைத்திருப்பேன். பால்கனிக் கம்பியை வந்து நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு உதவி. இதை என் மகளிடம் காட்ட வேண்டாம். ஐந்தாவது படத்தில் அந்தப் பேய்ப் பெண் வந்ததும் மாமா பயந்துபோய் ஊரே கேட்கிற மாதிரி அலறிவிட்டார் என்று சொல்லுங்கள். விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கட்டும்.