தீனிப் பேயின் எடை

தொண்ணூற்று நான்காம் ஆண்டுச் சித்திரையில், பீளமேட்டில் மூடிக்கிடந்த பஞ்சுக் கிடங்கு ஒன்று திருத்தலமாயிற்று. காந்திபுரத்து டவுன் பஸ்கள் பெருத்த உடல்களை அதன் வாசலில் இறக்கின. உள்ளே வீற்றிருந்தவர் வெங்கடபதி அடிகள். மாந்தரை ஓயாது உண்ணவைக்கும் தீனிப் பேயை ஓட்டுவது அவர் திருத்தொண்டு. காணிக்கை ஏற்பது உபதொண்டு.

முறை எளிது. தலையில் குடங்குடமாக நீர் வார்த்து, ஈரம் சொட்டச்சொட்டப் பஞ்சுப்பொதி நிறுக்கும் தராசில் ஏற்றுவார்கள். அது பேயோடு கூடிய எடை. பின்னர் உச்சிவெயிலில் அமர்த்தி வேப்பிலை வீசுவார்கள். துணி உலர்ந்ததும் மறுபடி தராசு. ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கும். அதுதான் பேய்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பஞ்சு வியாபாரி அரங்கசாமிக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் ஆறாத புண். இனிப்பை விடாவிட்டால் காலையே எடுக்க நேரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆயினும் ஜாங்கிரியைக் கண்டால் அவர் கை நிற்பதில்லை. தின்றபின் அழுவார், அழுதபின் தின்பார்.

அவரும் கிடங்குக்குப் போய்த் தம் பேய் நீங்கி வந்த அன்று, மனைவி மாரியாத்தாளிடம் முழங்கினார்: "மாத்திரையெல்லாம் தூக்கி வீசு புள்ள! இனி எதை வேணா திங்கலாம்னு சாமி சொல்லிப்போட்டாரு."

அம்மையார் நாள் தவறாது சிவபூசை செய்பவர். ஆண்டவனுக்குத் தரகர் தேவையில்லை என்று அறிந்தவர். மறுநாள் அம்மிக் குழவியைக் கணவரின் வேட்டியில் சுற்றி, நன்றாக நனைத்து, கணவரையும் இழுத்துக்கொண்டு கிடங்குக்கு வந்தார்.

"ஏனுங்க சாமி, இதுக்கும் தீனிப் பேய் புடிச்சிருக்குதுங்க. அரைக்கறப்பவே சட்டினியத் தின்னுபோடுது. ஓட்டிக் குடுங்க."

கூட்டம் சிரித்தது. அடிகள் மறுத்தும், வேடிக்கை விரும்பிய ஒருவர் குழவியை நிறுத்தார். வெயிலில் வேட்டி உலர்ந்ததும் மீண்டும் நிறுத்தார். முக்கால் கிலோ குறைவு.

"அட, கல்லு எளைச்சுப்போச்சுங்கோ!" என்றார் மாரியாத்தாள்.

"கல்லிலும் பேய் குடியிருக்கும், அம்மணி" என்றார் அடிகள்.

மாரியாத்தாள் வேட்டிமேல் ஒரு குடம் நீர் ஊற்றினார். பேய் உடனே திரும்பி வந்தது. தராசு சாட்சி சொன்னது.

"ஏனுங்க, பொதியில ஈரம் இருந்தா எடை கழிக்கறீங்க. உங்க வேட்டியில ஈரம் இருந்தா மட்டும் பேய்ங்கறீங்களே!" என்றார் கணவரிடம்.

அடிகள் பின்வாசல் வழியே மறைந்தருளினார்.

அரங்கசாமி வெளிறிப்போனார். "அப்ப, அத்தனையும் தின்னது நாந்தானா புள்ள?"

"நீங்கதானுங்க மாமா. கை நிக்காததும் ஒரு நோவுதான்னு டாக்டர் சொன்னாருல்லங்க? அதுக்கும் வைத்தியம் இருக்குதாம். கால் இருக்கறப்பவே நடந்து வாங்க, போலாம்."

இருவரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தனர். கூட்டத்தில் பாதியோ, அடிகள் எந்த ஊருக்கு எழுந்தருளினார் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. பெருமக்களே, வயிற்றுக்கு வேளை தவறாமல் இடுகிறீர்கள். இறைவன் தந்த அறிவுக்கும் ஒருவேளையேனும் இடலாகாதா?