ரோஜா நாற்காலியில் உட்கார்ந்தவர் யார்?

எங்கள் காலனி சங்கச் செயலாளர் பொய் சொல்கிறார். போன வாரம் நாற்காலி சாருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில், "தன் நாற்காலியில் ஓர் ஆளைக்கூட உட்காரவிடாத மனுஷன்" என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். இரங்கல் கூட்டத்தில் கைதட்டல்!

முடிச்சூர் பக்கம் அவரைப்போல ஒரு கிறுக்கர் பிறந்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். தாம்பரத்தில் குடியிருந்த அமெரிக்கத் தம்பதி ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார்கள். எல்லாரும் ஃபிரிட்ஜுக்கு அடித்துக்கொள்ள, இவர் நான்கு பழைய நாற்காலிகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இருக்கை முழுக்கக் கம்பளி நூலில் கையால் தைத்த ரோஜாப்பூ. அமெரிக்காவிலேயே பழங்காலத்துச் சாமானாம். அன்று முதல் நாற்காலிக்குப் பிளாஸ்டிக் உறை, அவருக்குக் கவிழ்த்துப் போட்ட பக்கெட்.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பாய் விரித்தார்.

"நாலு சேர் சும்மா கெடக்குது, எங்கள தரையில உக்கார வெக்கிறீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பூ மேல எப்படி சார் உக்காருவீங்க? மனசு வருமா?"

பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். பிறகு பாயில் உட்காரச் சம்மதித்த குடும்பத்துக்குத்தான் பெண்ணைக் கொடுத்தார்.

அப்புறம் ஓர் ஐப்பசி மழை. ஏரி நிரம்பித் தெருவில் இடுப்பளவு தண்ணீர். செயலாளர் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். தண்ணீர் கட்டிலைத் தொட்டுவிட்டது. மனுஷர் உடம்பு அப்படி. யார் தூக்குவது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தோம். தலையில் நாற்காலியைச் சுமந்துகொண்டு வந்தார் சார்.

"உக்காருங்க செகரட்ரி."

"சார், இது உங்க ரோஜா சேராச்சே?"

"பேசாம உக்காருங்க. கொஞ்சம் ஓரமா."

நாலு பேர் தூக்கினோம். சாமி ஊர்வலம் மாதிரி வந்தார் செயலாளர். முன்னால் நடந்த சார், "மெதுவா, மெதுவா!" என்று கத்தியது அவருக்காக இல்லை, நாற்காலிக்காக. அப்படியும் எனக்குக் கால் இடறிச் சாக்கடைத் தண்ணீர் உறைக்குள் புகுந்து ரோஜா முழுக்க ஏறிவிட்டது. பல் தேய்க்கிற பிரஷால் சார் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். கறை போகவில்லை. ஒருவரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செயலாளரே, வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் எழுந்து பதில் சொல்லுங்கள். அன்று எதில் உட்கார்ந்து வந்தீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். அவர் மகள் கடைசி வரிசையில் இருப்பாள், அவளுக்குக் கேட்க வேண்டும்.