கடைசிப் பதினாறு பக்கங்கள்

இனிமேல் புத்தகத்தைப் படிக்காமல் மதிப்புரை எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் குளியலறையைத் தாழ்போட்டுக்கொண்டு நான் இப்படி ஒரு சபதம் செய்தேன். கூடத்தில் செய்திருந்தால் மனைவி காதில் விழுந்திருக்கும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரப் பத்திரிகையில் புதுக் குழந்தைப் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறவன் நான். எந்தப் பதிப்பகம் எதைக் கொண்டுவருகிறது என்ற செய்திகளும் என் ராஜ்ஜியம்தான். வியாழன்தோறும் புத்தகக் கட்டு வரும். முன்னட்டையைப் பார்ப்பேன். பின்னட்டையைப் படிப்பேன். முதல் பக்கத்தில் முயல் இருந்தால் 'துள்ளல் நடை' என்பேன். ஆமை இருந்தால் 'நிதானமான நடை'. கையால் எழுதிக் கொடுத்தால், மனைவி கணினியில் அடித்து அனுப்பிவிடுவாள். பத்திரிகை வந்ததும் என் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். கீழே இருப்பதைப் படிப்பதில்லை. நான் எழுதியதுதானே, எனக்குத் தெரியாதா?

எட்டு மாதம் வண்டி இப்படி ஓடியது. அந்த ஞாயிறன்று என் சட்டைகளை மடித்துக்கொண்டே மனைவி பேச்சுக் கொடுத்தாள்.

"ஏங்க, அந்த அணில் புத்தகம் படிச்சீங்களா?"

"படிக்காமலா எழுதிக் குடுத்தேன்?"

"முழுசா?"

"வரி விடாம."

"முடிவு எப்படி?"

"அதை ஏன் கேக்குற! கடைசிப் பதினாறு பக்கத்துல கண்ணு கலங்கிடுச்சு. எழுதியிருந்தேனே, நீதானே அடிச்சே?" 'கடைசிப் பதினாறு பக்கங்களைத் தவறவிடாதீர்கள்' என்று பின்னட்டையில் போட்டிருந்தது.

அவள் புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டாள். "எந்த இடத்துல கலங்குச்சு? காட்டுங்க, பாப்போம்."

புரட்டினேன். ஓர் அணில் கூட்டைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறது. மரத்தில் தேடுகிறது, கூரையில் தேடுகிறது. முப்பத்திரண்டாம் பக்கத்தோடு சரி. அதற்கப்புறம் ஒரே வெள்ளை. ஒரு பக்கத்தில் மட்டும் எங்கள் ஏழு வயது வாண்டு பச்சைக் கிரேயானில் ஒரு செருப்பு வரைந்திருந்தாள்.

"அச்சகத்துக்காரன் கோட்டை விட்டுட்டான்!" என்றேன்.

"அவர் ஒண்ணும் விடலை. கீழே சின்ன எழுத்துல போட்டிருக்கு பாருங்க. கூடு கிடைச்சுதா இல்லையான்னு படிக்கிற பிள்ளைங்களே வரைஞ்சு முடிக்கணுமாம்."

தரையில் படுத்திருந்த வாண்டு தலையைத் தூக்கிக் கேட்டாள். "அப்பா, வெறும் பேப்பரைப் பாத்தா அழுதீங்க?"

மறுநாள் இதழ் அச்சுக்குப் போகிறது. அந்தப் புத்தகத்தை வாங்கிய ஒவ்வொரு குழந்தைக்கும் என் வண்டவாளம் தெரிந்துவிடும். பத்திரிகையில் என் பத்தி போய்விடும். அலுவலகத்தில் என்னை 'எழுத்தாளரே' என்று கூப்பிடுகிறார்கள். அதைத் தவிர எனக்கென்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் கிடையாது.

போனோடு குளியலறைக்குள் போய்த்தான் சபதம் செய்தேன். செய்த கையோடு ஒரு யோசனையும் வந்தது. பழியை அடித்தவள் மேல் போட்டால் என்ன? குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

"சார், அந்த அணில் புத்தக மதிப்புரையை நிறுத்திடுங்க. நான் எழுதினது ஒண்ணு, வீட்டுல அவ அடிச்சது ஒண்ணு. கடைசிப் பதினாறு பக்கம்னு வருமே, அது சத்தியமா என்னோடது இல்ல. அவ சரக்கு."

"அதுவா? பிரமாதம் சார்!"

"சார்?"

"'இந்தக் கதையின் கடைசிப் பதினாறு பக்கங்களை என் மகள்தான் முடித்தாள்'னு ஆரம்பிக்குதே, அதானே? அணில், அப்பாவோட செருப்புக்குள்ள கூடு கட்டிடுச்சாமே! வீட்டுல படிச்சுக் காட்டினேன். காலையிலேருந்து என் பேரன் என் செருப்பைத் தர மாட்டேங்கறான்."

நான் அப்படி ஒரு வரிகூட எழுதவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். பிழைத்தேன்! மனிதர் என் வயிற்றில் பாலை வார்த்தார். வார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

"அப்போ, போன வாரத்து மழைப் புத்தகம்? அதுக்கு முந்தின பொம்மலாட்டப் புத்தகம்? அதெல்லாமும் உங்க வீட்டம்மாதானா?"

ஆமா என்பதா, இல்லை என்பதா? அந்த மதிப்புரைகளையே நான் படித்ததில்லையே.

"நேர்ல உங்களுக்கு ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்புல வராது. எழுத்துல மட்டும் எப்படி இப்படின்னு எட்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டேன் சார். அவங்க பேரைச் சொல்லுங்க, இந்த இதழ்லேருந்தே போட்டுடலாம்."

சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இனி வியாழக்கிழமை கட்டைப் பார்த்துக் கண்கலங்க வேண்டியதில்லை என்று நினைத்தபோது அப்பாடா என்றிருந்தது. குழாயை மூடினேன். கதவைத் திறந்தேன். வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள், கையில் என் சட்டைகளோடு.

"என் பேரைத் தெளிவா சொன்னீங்களா?"

"ஏம்மா, எல்லாத்தையும் மாத்தி எழுதி அனுப்பிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! சொல்லியிருந்தா நான் போனே பண்ணியிருக்க மாட்டேனே!"

"அதுக்குத்தான் சொல்லலை," என்றாள் அவள். "மாட்டிக்கிட்டா என் பேரைத்தான் சொல்வீங்கன்னு தெரியும். எட்டு மாசமா நீங்க மாட்டுற வழியைக் காணோம். அதான் இன்னிக்கு நானே மாட்டிவிட்டேன்."