ஆத்துல விழுந்த ஜீப்பும் அண்ணாச்சியும்

இதப் படிச்சா கண்டிப்பா சிரிப்பீங்க. ஆனா இப்பவே இல்ல. முதல்ல ஒரு டேப்லெட்டைப் பத்திச் சொல்லியாகணும். அதுல சிரிக்க ஒண்ணுமே கிடையாது.

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு கணக்கை வாசிக்கணும். போடக்கூட வேண்டாம், வாசிச்சாப் போதும்.

மாட்டுப்பட்டிக்கு மேல எங்க எஸ்டேட் ஸ்கூல். எட்டாங்கிளாஸ்ல கணக்கு வராதவங்களுக்குன்னு தனியா ஒரு பெஞ்ச் உண்டு. அந்த பெஞ்சுல நான்தான் சீனியர்.

எங்களுக்காக, மலையாளம் கலந்து பேசுற ரீஜா டீச்சர் எங்கேயோ கெஞ்சி நாலு டேப்லெட் வாங்கிட்டு வந்தாங்க. உள்ள ஒரு ஜீப் கேம். விடை சரின்னா ஜீப் பாலத்தைத் தாண்டும். தப்புன்னா ஆத்துல விழும். கேள்வியையும் குரலையும் நாமளே மாத்திக்கலாம்.

முதல்ல அதுல இங்கிலீஷ்ல ஆப்பிள் கணக்கு இருந்துச்சு. எங்க பெஞ்சோட எல்லா ஜீப்பும் ஆத்துலதான் கிடந்துச்சு.

டீச்சர் ஆப்பிளை எடுத்துட்டு தேயிலைக் கொழுந்தைப் போட்டாங்க. எங்க அம்மாக்கள் எல்லாரும் கொழுந்து எடுக்கிறவங்க, நிறுவைன்னா எங்களுக்குப் புரியும்னு ஒரு நம்பிக்கை. குரலுக்கு என்னைக் கூப்பிட்டாங்க. ஒருதடவை மைக்ல எச்.எம். குரல்ல ஸ்கூலுக்கே லீவு விட்டவன் நான்.

"உனக்கு எல்லார் சத்தமும் வருமல்லோ. நல்லதா ஒண்ணு பேசித் தா மோனே."

மத்தியானம் பெற்றோர் மீட்டிங். எங்க பெஞ்ச் எல்லார் முன்னாடியும் விளையாடிக் காட்டணும். தேறலைன்னா டேப்லெட் நாலும் வேற ஸ்கூலுக்குப் போயிரும். அதனால ஒழுங்கா வாசின்னு டீச்சர் ரெண்டு மூணு தடவை சொல்லிட்டாங்க.

கணக்கு இவ்வளவுதான். மணிக்கு ஆறு கிலோ வீதம் நாலரை மணி நேரம் கொழுந்து எடுத்தா மொத்தம் எத்தனை கிலோ?

கொழுந்து நிறுவைன்னா எங்க எஸ்டேட்ல ஒரே குரல்தான். சூப்பர்வைசர் அய்யாத்துரை அண்ணாச்சி. எதைச் சொன்னாலும் முன்னாடி ஒரு செருமல் வரும், 'க்ஹும்'னு. அந்தக் குரல்லயே வாசிச்சேன். ரொம்ப நல்லா வந்துச்சு. நல்லா வந்தா எனக்கு நிறுத்தத் தெரியாது.

அதனால அண்ணாச்சி தராசு பக்கத்துல நின்னு தினமும் சொல்ற மீதியையும் சேர்த்துப் பேசிட்டேன். "க்ஹும். ஈரக் கொழுந்து. ரெண்டு கழி. க்ஹும். பேசாம அங்கிட்டுப் போ."

டீச்சர் அந்நேரம் ஹால்ல நாற்காலி போடப் போயிருந்தாங்க.

மீட்டிங்ல முன் வரிசையில அண்ணாச்சி. பெற்றோர் சங்கத் தலைவர் அவர்தான். இதை நான் முன்னாடியே யோசிச்சிருக்கலாம்.

எங்க பெஞ்சுல முத்தரசி முதல்ல விளையாடுனா. டேப்லெட் பேசுச்சு. இருபத்தஞ்சுன்னு அமுக்குனா. ஜீப் ஆத்துல. அடுத்து மாரி. அவனும் இருபத்தஞ்சு. ஜீப் ஆத்துல. மூணாவது ஆளும் அதே இருபத்தஞ்சு, அதே ஆத்துல.

விடை இருபத்தேழு. டீச்சர் முகம் சுருங்கிருச்சு. எச்.எம். டேப்லெட் வந்த அட்டைப்பெட்டியைத் தேட ஆரம்பிச்சாரு.

அப்ப அண்ணாச்சி எந்திரிச்சாரு.

"க்ஹும். பிள்ளைக சரியாத்தான் போட்டிருக்கு டீச்சர். ஈரத்துக்கு ரெண்டு கழிக்கணும். மிஷினே சொல்லுதுல்லா."

மனுஷனுக்குத் தன் குரலே தெரியாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பின்னால இருந்த பொம்பளையாளுகளுக்கெல்லாம் தெரிஞ்சிருச்சு. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டாங்க.

எங்கம்மா மட்டும் முந்தானையை எடுத்துட்டு, நல்ல வெயில்லயும் ரெண்டு கழிக்கிறீகளே, அது எந்த ஈரத்துக்குன்னு கேட்டுச்சு.

"க்ஹும். என்னைக் கேக்காத. மிஷினைக் கேளு."

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. எழுதிக் குடுத்ததுல அந்த ஈரம் கிடையாதே. ஆனா எச்.எம்.கிட்ட சொன்னது வேற. பிள்ளைங்க நாலரையால பெருக்கியிருக்காங்க, அதுல இருந்து கழிச்சும் இருக்காங்க, ஒண்ணு கேட்டா ரெண்டு கணக்கு போட்டிருக்காங்கன்னு. தலைவரே சரின்னுட்டாரேன்னு எச்.எம். பெட்டியைக் கீழே வெச்சாரு. டேப்லெட் இங்கேயே இருக்கட்டும்னாரு.

அதோட முடிஞ்சிருக்கணும்.

அண்ணாச்சிக்கு சந்தோஷம் தாங்கல. தன் பக்கம் நியாயம் பேசுன மிஷினை எல்லாரும் இன்னொரு தடவை கேக்கணும்னு, அவரே சத்தத்தை முழுசாக் கூட்டி வெச்சாரு.

"க்ஹும். ஈரக் கொழுந்து. ரெண்டு கழி"ன்னுச்சு மிஷின்.

"க்ஹும். கேட்டியளா?"ன்னாரு அண்ணாச்சி.

"க்ஹும். பேசாம அங்கிட்டுப் போ"ன்னுச்சு மிஷின்.

அண்ணாச்சி டேப்லெட்டையே பார்த்தாரு. ஏதோ சொல்லணும்னு செரும ஆரம்பிச்சாரு. பாதி 'க்'லயே நிறுத்திட்டாரு. அப்புறம் தலையை மெதுவாத் திருப்பி எங்க பெஞ்சைப் பார்த்தாரு.

இப்ப நீங்க சிரிக்கலாம். நான் அப்ப ஜன்னல்ல ஏறிட்டிருந்தேன்.